நூற்று இருபத்தேழு பல்

ஜெகதாப்பட்டினம் லேத் பட்டறையிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்தேன். பையில் பல் உடைந்த கியர் வீல். எங்கள் பழைய லேத் இஞ்சுக் கணக்கில் திருகு மரை போடுவது. மில்லிமீட்டர் மரை வேண்டுமானால் 127 பல் வீலை மாட்டியாக வேண்டும். ஐந்து இஞ்சு என்பது 127 மில்லிமீட்டர். படகு சாஃப்டுக்கு மரை போடும்போது அது உடைந்துவிட்டது.

"நாளன்னைக்குக் கடலுக்குப் போக டோக்கன் குடுக்குற நாள். படகு எறங்கலேன்னா அஞ்சு குடும்பம் சும்மா கெடக்கும்" என்று படகுக்காரர் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மத்த வீல் ஒடஞ்சா சின்னது ரெண்டு மூணக் கோத்து ஓட்டுறோம்ல, இதுக்கு மட்டும் என்ன?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"கோத்துப் பாரேன், சேராது. ஏன்னு எங்கிட்டக் கேக்காத. விராலிமலையில ஒருத்தன் இதே லேத்து வச்சிருக்கான், 127 வீலும் இருக்கும். அவன் எம்மேல கோவத்துல இருக்கான், போனை எடுக்க மாட்டான். நேர்ல போ."

ஏன் சேராது? ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். வகுத்தல் மட்டும் மிச்சமிருந்தது. நடந்தபடியே வகுத்தேன். இரண்டு, மூன்று, ஐந்து, எதுவும் சரியாகப் போகவில்லை. நான்கு, ஆறு, எட்டு எல்லாம் இரண்டிலேயே அடங்கிவிடும், ஒன்பது மூன்றில். ஏழில் ஒன்று மீதி, பதினொன்றில் ஆறு. பதின்மூன்றுக்கு வந்தபோது பஸ்ஸும் வந்தது.

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பதின்மூன்றைப் பதின்மூன்றால் பெருக்கினாலே 169, 127ஐத் தாண்டிவிடுகிறது. பதின்மூன்றோ அதற்கு மேலோ எந்த எண் வகுத்தாலும் அதன் ஜோடி பதின்மூன்றுக்குக் கீழே இருந்தாக வேண்டும். கீழே உள்ளதைத்தான் பார்த்தாயிற்றே! இனி வகுக்கவே வேண்டாம். 127ஐ யாராலும் பிரிக்க முடியாது. சின்ன வீல்களை எப்படிக் கோத்தாலும் அந்த இடத்தை நிரப்பாது. பசியைக்கூட மறந்திருந்தேன்.

விராலிமலைப் பட்டறைக்காரர் உடைந்த வீலைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒங்க மொதலாளி வாங்கிட்டுப் போன, டிரில்லைப் பிடிக்கிற சக்கே இன்னும் வரல. இதையும் தூக்கிக் குடுக்கணுமாக்கும்?"

"படகு நிக்குதுங்கண்ணே."

சுவரில் மாட்டியிருந்த தன் 127 பல் வீலைக் கழற்றினார். "சரி, வீல் போகட்டும். அது திரும்புற வரைக்கும் நீ இங்கிட்டு இரு."

திருச்சியில் மீன் இறக்கிவிட்டு ஜெகதாப்பட்டினம் திரும்பிய வேனில் வீல் போனது. அடமானமாக நான் தங்கினேன்.

காலையில் படகுக்காரர் போன் செய்தார். "மரை ஏறிருச்சு தம்பி. நாளைக்கு எறங்குறோம்."

பட்டறைக்காரர் ஒரு வட்ட இரும்புத் தட்டை என் கையில் வைத்தார். "இதுல 127 பல்லு வெட்டு. வட்டத்தைச் சமமாப் பிரிக்கிற டிவைடிங் ஹெட் தட்டுல அந்தக் கணக்குக்கு ஓட்டை கெடையாது. பாதி, காலுன்னு பிரிச்சு மார்க் போடவும் முடியாது."

"ஏன்னு தெரியும்ணே."

"ஏன்னு தெரிஞ்சா ஆச்சா? எப்புடின்னு பாரு."

பட்டறைக்கு வரும் இளைஞர்களுக்கு இன்றும் இந்த இரண்டு கேள்வியைத்தான் சொல்கிறேன். முதல் கேள்விக்கு ஒரு பஸ் பயணம் போதுமாக இருந்தது. இரண்டாவதற்காக அன்று காலை அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன்.