டாக்டரம்மாவுக்குக் கிடைக்காத நோயாளி

"வாயத் தொறங்க" என்று டார்ச்சை அடித்துக்கொண்டே, "இந்த வாரம் எத்தன நைட்டு ஷிப்டு பாத்தீங்க?" என்று கேட்பார் டாக்டர் சாந்தாமணி. காய்ச்சலைப் பற்றிய விசாரணை அதற்குப் பிறகுதான். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினிலிருந்து எழுந்து வருகிறவர்களின் தொண்டையில் பஞ்சு, கண்ணில் தூக்கம். ஒரு ஊசி போட்டால் கம்பெனிக்கு ஓடிவிடலாம் என்று நிற்பார்கள். "ஏனுங்க, ஊசியென்ன பஞ்சு முட்டாயா, கேட்டதும் குடுக்கறதுக்கு?" என்று மாத்திரையை நீட்டுவார். வாய்தான் அப்படி. மறுநாள் வரச் சொன்னவர் வரவில்லையென்றால் ஆள் விட்டு விசாரிப்பார்.

நல்லூரில் அவருடைய கிளினிக் என்பது வீட்டின் முன்னறைதான். முன்பு பனியன் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த இடம். இரண்டாவது குழந்தைக்காகக் கோவை ஆஸ்பத்திரி வேலையை விட்ட மருமகள் முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்து, பெட்டிகளைக் கம்பெனிக்கு ஏற்றி அனுப்பி, அறைக்கு வெள்ளையடித்துக் கொடுத்தவர் மாமனார் அர்த்தநாரி. அடுப்பில் குழம்பு கொதித்தால், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு ஓடிப்போய்க் கிளறிவிட்டு வருவார் டாக்டர். அந்த வாசனையில் நோயாளிக்குப் பசியெடுத்தால் அதையும் தன் வைத்தியக் கணக்கில் எழுதிக்கொள்வார்.

கூட்டத்தை நடத்துவது மாமனார். "வரிசையா வாங்க சாமி, எங்கூட்டு டாக்டரம்மா எல்லாத்தையும் பாப்பாங்க" என்பார்.

எல்லோரையும் பார்ப்பார்தான், மாமனாரைத் தவிர. மருமகளின் கை மாமனார் மேல் படுவதாவது! தலை சுற்றினால் பெரியவர் பஸ் ஏறிப் பல்லடம் போய் வேறொரு டாக்டரிடம் காட்டுவார். பாதி நாள் அதுவும் கிடையாது. படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்குவது உள்ளே கேட்கும். நோயாளியின் நாடியைப் பிடித்தபடி சாந்தாமணி அப்படியே நின்றுவிடுவார். அவருடைய அப்பாவும் இப்படித்தான் மூச்சு வாங்கி, மகள் படிப்பை முடிக்கும் முன்பே காங்கேயத்தில் போய்ச் சேர்ந்தார்.

"எங்கப்பாவுக்கு ஒருக்காக்கூட பிரஷர் பாக்கலீங்க. மாமாவுக்காச்சும் பாக்கோணும்னு கெடந்து தவிக்கறேன்" என்று என்னிடம் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. இருமலுக்குப் போயிருந்த எனக்கு இருமலே மறந்துபோயிற்று.

சிக்குன்குனியா வந்த வருஷம். தெருவே நொண்டிக்கொண்டு வாசலில் நின்ற ஒரு காலையில், வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்த அர்த்தநாரி தடுமாறித் தூணைப் பிடித்தார். தேனிப் பக்கமிருந்து வந்து பனியன் செக்கிங் வேலை பார்க்கும் பாண்டியம்மாள் அவரைத் தாங்கி நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"என்னய்யா நீங்க? வைத்தியம் பாக்குற பிள்ளைய வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு பல்லடத்துக்குப் பஸ் ஏறுறீகளே! வழியில விழுந்து கெடந்தா அந்தப் பிள்ள எப்படித் தாங்கும்?"

சாந்தாமணி பிரஷர் கருவியோடு ஓடி வந்தார். ஆனால் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டார். "மாமா..." என்று கருவியைத் தூக்கிக் காட்டினார்.

"ஒண்ணுமில்ல கண்ணு, நீ போயி வந்தவங்களப் பாரு" என்றார் பெரியவர். சாந்தாமணி தலையைக் குனிந்தபடி உள்ளே போய்விட்டார்.

பெரியவர் மருமகள் போன பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியைக் கிளினிக் ஜன்னலோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெருவைப் பார்த்து, "தள்ளி நில்லுங்க சாமி" என்று யாரையோ அதட்டினார். அதட்டிக்கொண்டே, உள்ளே திரும்பிப் பாராமல், சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, இடது கையை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே உள்ளே நீட்டினார்.