ஈரலில் பொங்கிய நுரை

மகளுக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. தலசீமியா வார்டின் தாதி போனை வைத்துவிட்டு, யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். டொக்டர் பஸீலா காலமாகிவிட்டார். சொந்த இரத்தம் சரியாக ஊறாத பிள்ளைகளோடு அங்கே குந்தியிருந்த எங்கள் எல்லோருக்கும் அவர்தான் டொக்டர். இதை வாசிக்கும் பெற்றோருக்கு அவரைத் தெரியும். அவருடைய வாய் அவ்வளவு இனிப்பில்லை என்பதும் தெரியும்.

நான் கல்முனையில் புடவைக்கடை வைத்திருப்பவன். சாயம் போகுமா என்று கேட்டால், போகவே போகாது என்று அடித்துச் சொல்லிப் பழகியவன். அந்தப் பழக்கத்தில், மகள் ஹஸ்னா சுகமாகிவிடுவாள்தானே என்று முதல் நாளே அவரிடம் கேட்டேன். "ரத்தம் ஏத்தினா இரிப்பா. ஆனா அந்த ரத்தமே அவட ஒடம்புல இரும்பச் சேர்க்கும். அத வெளியேத்த ஒடம்புக்கு வழியில்ல, மருந்துதான் வேணும்" என்றார். ஆறுதலாக ஒரு சொல் சேர்த்தால் குறைந்தா போய்விடுவார் என்று எனக்குக் கோபம் வந்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தால் எங்கள் பக்கத்தில் வெளிறிய பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஈரல் வந்து குவியும். ஆடுமாடு அறுத்துக் குர்பான் கொடுத்தவர்கள் இறைச்சிப் பங்கோடு அதைத் தனியாகக் கட்டி அனுப்புவார்கள். இரத்தம் ஊறட்டும் என்ற அன்புதான். ஆனால் ஈரலில் நிறைந்திருப்பதும் அதே இரும்புதான். ஒரு பெருநாளில் என் மூத்த சகோதரி, ராத்தா, சட்டி நிறைய ஈரலோடு வந்து, ஹஸ்னாவுக்கு ஆக்கிக் கொடுக்காமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அந்நேரம் பெருநாளுக்கு எங்களைப் பார்க்க டொக்டரும் வந்தார். மகளின் முழங்காலில் சிராய்ப்பைக் கண்டு, காயம் கழுவும் ஹைட்ரஜன் பெரொட்சைட்டைக் கேட்டார். அவசரத்தில் நான் அதை ஈரலில் சிந்திவிட்டேன். குபுகுபுவென்று நுரை பொங்கியது.

விடுவேனா? "பாருங்க ராத்தா, இரும்பு எரியிறத!" என்றேன். ராத்தா பயந்து சட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வழக்கு வென்றாயிற்று.

"இல்ல ராத்தா. அவர் சொல்றது பிழை," என்றார் டொக்டர். "ஈரல் தன்னக் காப்பாத்துற நுரை இது. அதச் செய்றதும் இரும்புதான். ஆனா கட்டுப்பட்டு வேல செய்ற இரும்பு."

பிறகு பொறுமையாக விளக்கினார். நாம் மூச்சுவிடும்போது இந்தப் பெரொட்சைட் உடம்புக்குள்ளேயும் கொஞ்சம் உண்டாகிறதாம். கட்டுப்படாமல் அலையும் இரும்பு அதைச் சந்தித்தால் ஒரு பொல்லாத துணுக்கு பிறக்கும். அது பக்கத்தில் இருப்பதையெல்லாம் கடித்துவைக்கும். இதயம், ஈரல் என்று சிறுகச் சிறுகக் கெடும். அதற்கு நுரையும் இல்லை, நோவும் இல்லை. கறியால் சேரும் இரும்பு, ஏற்றும் இரத்தத்தால் சேர்வதைவிடக் குறைவு என்பதையும் அவர் மறைக்கவில்லை. ராத்தா சட்டியை மறுபடி முன்னால் நகர்த்தினார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

"பொய் சொல்லி நிப்பாட்டினா, நாளைக்கு உண்மையச் சொல்லக்குள்ள யாரு நம்புவா?" என்று என்னிடம் கேட்டார். ராத்தா யோசித்துவிட்டு, ஈரலை நன்றாகக் கழுவிச் சமைத்து, ஹஸ்னாவுக்கு வைக்காமல் எங்களுக்கே பரிமாறினார். பாயில் இருந்த ஹஸ்னா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வளர்ந்தபின் ஒரு காலம், இரும்பை வெளியேற்றக் கரைத்துக் கொடுக்கும் மாத்திரையை அவள் ரகசியமாக வெளியே ஊற்றிவந்தாள். நோவில்லை, எதற்கு மருந்து? அவளுடைய உம்மா அழுதாள், நான் கத்தினேன். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் டொக்டரிடமே கேட்டாள், குடிக்காவிட்டால் மவுத்தாகிவிடுவேனா என்று.

"ஓம் மகள். இப்ப இல்ல. ஆனா இதயம் கெட்டபிறகு என்னால ஒண்டும் செய்யேலாது."

அன்றே குடிக்கத் தொடங்கினாள். காரணம் கேட்டேன். "அவங்க ஈரல் விசயத்துலகூடப் பொய் சொல்லல்லியே, வாப்பா," என்றாள்.

டொக்டரின் ஜனாஸா அடக்கம் முடிந்து வீடு திரும்பினோம். ஹஸ்னா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். பிறகு, "இனி எனக்கு உண்மையச் சொல்ல யாரு இரிக்கா?" என்று கேட்டாள்.

"நான் சொல்றன், மகள்."

"அப்ப சொல்லுங்க. இந்த முறை இரும்பு எப்படி?"

வார்டில் அவருக்குப் பதிலாக வந்திருந்த புது டொக்டர் பரிசோதனை முடிவை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். 'நல்லாத்தான் இரிக்கி' என்ற கடைக்காரப் பேச்சு நுனிநாக்கு வரை வந்தது. டொக்டர் பஸீலாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதை விழுங்கும் பழக்கம் ஒன்றுதான்.

"கூடித்தான் இரிக்கி," என்றேன்.

அவள் எழுந்துபோய் கிளாஸில் தண்ணீர் ஊற்றி, மாத்திரையைப் போட்டுக் கலக்கினாள்.