நேர்த்திப் பால் அணைத்த நெருப்பு

கிள்ளானில் லோரி ஓட்டுகிறேன். தைப்பூசத்துக்கு முந்தின நாள் எஞ்சினின் காற்று வடிகட்டி உடைந்தது. உதிரிபாகக் கடையில் கண்ணில் பட்ட புதிய வடிகட்டியை எடுத்தேன்.

"இது பெருசுண்ணே, ஆடும். பழசைக் கொண்டாங்க, அளவு பாத்துத் தரேன்" என்றார் கடைக்காரர்.

எனக்குச் சோம்பல். "துணி சுத்தினா நிக்கும் லா" என்று வாங்கிவந்து, வேட்டிக் கிழிசலைச் சுற்றி மாட்டினேன்.

மறுநாள் பத்துமலைக்கு ஆட்களோடு போகையில் எஞ்சின் ‘டப்’பென்று பின்வெடித்து வடிகட்டி வழியே நெருப்புக் கக்கியது. துணி பற்றிக்கொண்டது. வண்டியை நிறுத்திவிட்டுத் திகைத்து நின்றேன். லோரியின் பின்னால் பால்குடத்தோடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காதான் குதித்து வந்து, நேர்த்திக்கடன் பாலை ஊற்றி அணைத்தார். வெறுங்குடத்தோடு மலையேறினார்.

இப்போதெல்லாம் பழைய வடிகட்டியோடுதான் கடைக்குப் போகிறேன். பொருத்திப் பார்க்காமல் வாங்குவதில்லை.

அடுத்த தைப்பூசத்துக்கு அக்காவிடம் ஒரு குடம் பாலை நீட்டினேன்.

"இது ஒங்க கடன் தம்பி. நீங்களே தூக்குங்க."