லைட்டைத் தொட்ட தக்காளிச் செடி

திருப்பூருக்கு சாம்பிள் பனியன் பார்க்கப் போன என்னை, ஒரு கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் துணி அறைக்கு இழுத்துப் போனார். உள்ளே டியூப் லைட்டின் கீழ் பத்துத் தக்காளிச் செடிகள்! கழுத்தில் தொங்கிய டேப்பால் ஒவ்வொன்றையும் அளந்தார். ஒன்று மட்டும் லைட்டைத் தொட்டு, நுனி இலை கருகியிருந்தது. கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார்.

“கொழுந்தை வெட்டுங்க சார்.”

“செடி செத்துடாதா?”

“சாகாதுங்க, பக்கத்துல ரெண்டு கிளை வெடிக்குமுங்க! கணுவ ஒட்டி மட்டும் வெட்டீறாதீங்க. தையலுக்குத் துணி விடற மாதிரி ஒரு விரல் விட்டு வெட்டுங்க.”

கணுவுக்கு மேல் விரலை வைத்து அளந்து வெட்டினேன். அவர் கைதட்டிய தட்டில் மிஷின்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெட்டிய கொழுந்தை ஈரப் பனியன் துண்டில் சுற்றி என் பையில் வைத்தார்.

அது வேர்விட்டு, இன்று என் மேசை விளக்கை முட்டுகிறது. அன்று பார்த்த பனியனின் நிறம்கூட நினைவில்லை. கத்தரிக்கோலோடு நின்று, கணுவுக்கு மேல் ஒரு விரல் வைத்துப் பார்க்கிறேன்.