பானட்டில் வைத்த கை

பழைய கார் பார்க்கப் போனால் நான் முதலில் செய்கிற காரியம் பானட்டில் கை வைப்பது. கை வைத்தால் சுடக்கூடாது. சுட்டால், நாம் வருவதற்கு முன்னாலேயே யாரோ வண்டியை ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தேய்ந்துபோன டீசல் எஞ்சின் நன்றாக ஆறிக் கிடந்து, முதல் தடவை கிளம்பும்போதுதான் தன் வியாதியைக் காட்டும். சூடாகிவிட்டால் நல்ல பிள்ளை மாதிரி ஓடும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இருபது வருஷமாக அடுத்தவர் டிராக்டரை வயலில் ஓட்டுகிறேன். விடிகாலையில் அதைக் கிளப்பப் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டது இது.

என் மனைவிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் பத்தமடையிலிருந்து பஸ் ஏறித் திருநெல்வேலிக்கு டயாலிசிஸுக்குப் போவோம். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது அவளுக்குக் கால் நிற்காது. ஒருநாள் பேட்டை தாண்டியதும் பஸ்ஸுக்குள்ளேயே மயங்கி விழுந்தாள். எழுந்து இடம் கொடுக்க ஒருத்தரும் இல்லை. “மேலுக்கு முடியாதவகள எதுக்குப்பா பஸ்ல கூட்டிட்டு வாறிய” என்று கேட்க மட்டும் ஆள் இருந்தது. கேட்டவன் சட்டையைப் பிடிக்காமல் விட்டது இன்னும் எனக்கு ஆறவில்லை. அன்றைக்கே கார் வாங்குவது என்று முடிவாயிற்று.

ஆனால் நான் பயந்தாங்கொள்ளி. கேஸை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவன். மூன்று வண்டி பார்த்து மூன்றையும் வேண்டாம் என்றேன். ஒன்றில் ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி அப்பியிருந்தது, ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. இன்னொன்றில் ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. மூன்றாவதில் என்னவோ ஒரு சத்தம் கேட்டது. அது என் ஒருத்தனுக்குத்தான் கேட்டதாம், கூட வந்த மச்சினன் சொன்னான். வீட்டில் அதற்குப் பிறகு என் காதுக்கு மரியாதை இல்லாமல் போனது.

நாலாவது வண்டியை என் மனைவிதான் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தாள். பேட்டைக்கு இந்தப் பக்கம், ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை, முன்னால் ஏழெட்டுக் கார். அதில் ஒரு வெள்ளைக் கார். மச்சினன் போய் புரோக்கரிடம் பேசினான். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் முன்பணம் கொடுத்து வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னான்.

நானும் மனைவியும் மச்சினனும் போய் இறங்கும்போது மணி பத்து. வண்டிக்குச் சாமந்தி மாலை போட்டு, பானட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கை வைத்தேன். சட்டென்று எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு.

“காலைலயே வாட்டர் வாஷ் அடிச்சி, கோயிலுக்குக் கொண்டுபோயி பூசை போட்டுட்டு வாறோம் அண்ணாச்சி. நீங்க ஏறி உக்காந்து ஓட்ட வேண்டியதுதான்” என்றார் புரோக்கர்.

எஞ்சின் பக்கம் ஒரு பொட்டு அழுக்கில்லை. அழுக்கில்லை என்றால் எங்கே ஒழுகுகிறது என்றும் தெரியாது. ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தேன், நேற்று ஊற்றின மாதிரிப் புது ஆயில். ஸ்டார்ட் பண்ணினேன், சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்குச் சந்தேகம். அணைத்துவிட்டுச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

“எஞ்சின் ஆறட்டும். பெறவு ஒருவாட்டி கெளப்பிப் பாக்கேன்.”

“ஆறட்டுமா? இன்னும் இருவது நிமிசத்துல ராகுகாலம் வே!” என்றார் புரோக்கர்.

மச்சினன் என்னைத் தனியே இழுத்தான். “அத்தான், நாலு பேர் முன்னால கேவலப்படுத்தாதிய. இதுலயும் நொட்டை கண்டுபிடிச்சா அடுத்து ஏரோப்ளேன்தான் பாக்கணும்.”

நான் நகரவில்லை. எனக்கும் ராகுகாலத்துக்குப் பயம்தான். தீப்பெட்டி வாங்கக்கூட அந்த நேரத்தில் கடைக்குப் போகாதவன் நான். ஆனால் நல்ல நேரத்தில் வாங்கிய வண்டி வழியில் நின்றால், டயாலிசிஸ் மிஷின் அவளுக்காகக் காத்திருக்குமா? பத்தரை அடித்தது. புரோக்கர் எச்சிலைத் துப்பிவிட்டு, “சரி, இனி பன்னெண்டுக்கு மேலதான்” என்று சேரில் சாய்ந்தார். வந்த கோபத்தை ஒருத்தரும் வெளியில் காட்டவில்லை, எல்லாரும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

பதினோரு மணிக்குத் தகரம் காய ஆரம்பித்தது. என் மனைவி பிளாஸ்டிக் சேரில் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். டயாலிசிஸ் ஆட்களுக்குத் தாகத்துக்குத் தண்ணீர்கூட அளந்துதான் கொடுக்க வேண்டும். புரோக்கர் எழுந்து வந்தார். குரலில் அப்படி ஒரு இரக்கம்.

“பாவம், அந்தத் தங்கச்சி வெயில்ல கெடந்து வாடுது. சாவியக் குடுங்க அண்ணாச்சி. வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஏசியப் போடுதேன், அங்கன உக்காரட்டும்.”

அவள் எழுந்தேவிட்டாள். “குடுங்களேன்” என்றாள்.

ஏசியைப் போட்டால் எஞ்சின் ஓட வேண்டும். ஓடினால் திரும்பச் சூடாகும். ஒரு மணி நேரம் நான் காத்திருந்ததெல்லாம் வீண். அந்த ஆளுக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். என் வீட்டு நோயாளியை வைத்தே என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கப் பார்க்கிறான். காதுக்குள் சூடு ஏறியது.

“குடுக்க முடியாது.”

அவள் திரும்ப உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சாவி இருந்த பையைப் பிடித்தபடி பானட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டைத் தாண்டியபின் கை வைத்தேன். எஞ்சின் முழுக்க ஆறவில்லை, ஆனாலும் கையை வைத்திருக்க முடிந்தது. சாவியைத் திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன், பிடிக்கவில்லை. நாலாவது தடவை இருமிக்கொண்டு கிளம்பியது. கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்கின மாதிரி தட்டல். பின்னால் நீலமும் வெள்ளையுமாகக் கிளம்பிய புகை சுற்றிக்கொண்டு முன்னால் வந்து மாலையை மறைத்தது. ஓட விட்டே இறங்கிப் போய் ஆயில் மூடியைத் திறந்தேன். உலை கொதிக்கிற மாதிரி உள்ளேயிருந்து குபுகுபுவென்று புகை. உள்ளே தேய்ந்து கம்ப்ரஷன் போன எஞ்சின்.

“பழைய வண்டின்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் வே. ஓட ஓடச் சரியாயிரும்” என்றார் புரோக்கர்.

“வழியில நின்னா? உம்ம வீட்டுப் பொம்பளைய இதுல ஏத்தி அனுப்புவீராவே? பூசை போட்டீரா, சூடேத்தினீரா? சாமி பேரச் சொல்லி இந்த வேலையவா செய்யுதீரு?” நான் இந்த மாதிரிக் கத்தி எனக்கே பழக்கமில்லை. சாவியைப் பானட்டின் சந்தனத்தின் மேலேயே எறிந்தேன். மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். புரோக்கர் அவமானப்பட்டதாகத் தெரியவில்லை. குனிந்து நாலு எலுமிச்சம்பழத்தையும் பொறுக்கி, வேட்டியில் துடைத்து மேஜையில் வைத்தார், அடுத்த ஆளுக்கு.

பஸ்ஸில் என் மனைவிக்கு இடம் கிடைத்தது, எனக்கில்லை. பத்தமடையில் இறங்கியதும் சொன்னாள்: “வண்டி கெட்டதுதான், ஒத்துக்கிடுதேன். ஆனா நான் சாவி கேட்டப்ப ஒருவாட்டிகூட என் மூஞ்சிய நீங்க பாக்கல.”

மறுநாள் சனிக்கிழமை, மறுபடியும் பஸ்.

ஐந்தாவது வண்டிக்கு யாரையும் கூட்டிப் போகவில்லை, போன் பண்ணிச் சொல்லவும் இல்லை. ஒரு திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் கல்லிடைக்குறிச்சியில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். பல் விளக்கிக்கொண்டே வந்து கதவைத் திறந்தார் சொந்தக்காரர். பானட்டில் பனி கோத்திருந்தது. கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. ஒரே திருப்பில் கிளம்பியது. எதற்கும் அதை அணைத்து, ஆற விட்டு, இன்னொரு தடவை பார்த்து முன்பணம் கொடுக்கும்போது மணி எட்டு. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். வீட்டில் ஒன்பதரைக்குக் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறேன். வண்டியில் சின்னதாய் ஒரு சத்தம் வந்தாலும் அந்த எட்டு மணி ஞாபகம் வந்து எனக்கு வேர்க்கும்.

இப்போது திரும்பி வரும்போது அவள் முன்சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறாள். பேட்டையைத் தாண்டினால் அந்தக் கொட்டகை. வெள்ளைக் கார் அங்கே இல்லை. யாரோ நல்ல நேரம் பார்த்து எடுத்துப் போயிருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் யாரை ஏற்றிக்கொண்டு, எந்த வெயிலில், எந்த ரோட்டில் நிற்கிறார்களோ. போன வியாழக்கிழமை அதே இடத்தில் ஒரு சிவப்புக் கார் நின்றது, கழுவிய ஈரம் காயாமல், கழுத்தில் மாலையோடு. வாங்க வருகிறவனுக்குக் கேட்கட்டும் என்று ஹாரனில் கையை வைத்து அழுத்தியிருப்பேன். அவள் தூங்குகிறாளே என்று விட்டுவிட்டேன்.