என் ஐடி கார்டுக்கு ஒரு சிவப்பு டேக்

பீன்யாவுல எங்க ஃபேக்டரியில இன்னைக்குப் புது ஐடி கார்டு குடுத்தாங்க. என் பேருக்குக் கீழே ‘ஹியரிங் இம்பேர்டு’ன்னு அச்சடிச்சிருக்கு.

எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஹெச்.ஆர். மஞ்சுநாத் சார்கிட்ட போன்ல டைப் பண்ணிக் காட்டினேன்: "இதை ‘டெஃப்’னு மாத்துங்க சார்."

அவரும் டைப் பண்ணினார்: "ஐயோ, அது மரியாதையா இல்லம்மா. தேடிப் பார்த்தேன். அந்த வார்த்தையோட வேர்ச்சொல்லே புகை, மந்தம்னு போகுது. உள்ளே பருப்பில்லாத கொட்டையைக்கூட இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

சொல்லியிருக்கட்டும். அந்த வார்த்தை எங்கே பொறந்திருந்தா எனக்கென்ன? கையாலேயே பேசி, சண்டை போட்டு, சிரிச்சு, நாங்க அதை எங்க பேரா ஆக்கிக்கிட்டோம்.

‘இம்பேர்டு’ன்னா பழுதுன்னு அர்த்தம். குவாலிட்டி செக்கிங்ல இருக்கிற எனக்குப் பழுது எதுன்னு தெரியாதா? பழுதான பீஸுக்கு சிவப்பு டேக் கட்டுறதுதானே என் வேலை!

பாக்கெட்ல இருந்து ஒரு டேக்கை எடுத்து அந்த கார்டுல கட்டினேன். காரணம்னு இருந்த இடத்துல ‘தப்பான லேபிள்’னு எழுதி, ‘ரீவொர்க்’ல டிக் அடிச்சு, அவர் டேபிள்லயே வெச்சுட்டு வந்துட்டேன்.

பதினோரு வருஷத்துல நான் கட்டின டேக்கை, பீஸை சரி பண்ணாம யாரும் அவிழ்த்ததில்ல. மஞ்சுநாத் சார் மட்டும் அவிழ்த்துடுவாருங்கிறீங்களா?