புளியமரத்தில் இறங்கிய ஆணி

பொன்னியின் முடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தவர்களில் ஒருத்தன்கூட அதற்காகத் தலை குனிந்ததில்லை. ஆதிமூலத்துக்கு அதுதான் ஆறவே இல்லை. சொந்தத்தில் கல்யாணம், கருமாதி எது நடந்தாலும் ஆணி அடித்த அந்தக் கீழ்பென்னாத்தூர்க் குடும்பம் சலவை வேட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். அவன் அக்கா பொன்னி மட்டும் பந்தியெல்லாம் முடிந்த பிறகு பின்வாசல் வழியாக வந்து, இரண்டு வாய் தின்றுவிட்டுப் போவாள். தப்புப் பண்ணினவன் முன்னால், அடிபட்டவள் பின்னால். இந்தக் கணக்கை எவன் போட்டான் என்று அவன் பல்லைக் கடிப்பான்.

வடஆற்காட்டை வெட்டித் திருவண்ணாமலையைத் தனி ஜில்லாவாக்கிய வருஷம் அது. பொன்னி கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தவழுகிற பையனுக்குக் காய்ச்சல் கண்டது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகலாம் என்று மாமனாரிடம் கேட்டாள். மாமனார் இருசப்பன், நிலத்தில் மல்லாட்டை, நிலக்கடலைதான், பிடுங்க ஆள் இறங்கியிருக்கிறது, அத்தனை பேருக்கும் சோறாக்க வீட்டில் பொம்பளை வேண்டும், பிடுங்கி முடியட்டும் என்றான். புருஷன் வேணு அப்பன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். மல்லாட்டை பிடுங்கி முடிந்தது. அதற்குள் பிள்ளைக்கு இழுப்பு வந்து, அதுவும் முடிந்தது.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் கால் கழுவுவதற்குள் பொன்னி நடுத்தெருவுக்குப் போய் நின்றாள்.

"டேய் இருசப்பா, வெளிய வாடா" என்று கூப்பிட்டாள்.

அந்தப் பக்கத்தில் மருமகள் வாயில் மாமனார் பேர் வராது. அதே பேரில் பால்காரன் ஒருத்தன் இருந்தால்கூட 'மாமா பேருள்ளவரு' என்றுதான் சொல்வார்கள். 'டா' போட்டு வந்ததும் தெருவே ஒரே பேச்சாகத் தீர்மானித்துவிட்டது: இது பொன்னி இல்லை, உள்ளே எதுவோ பூந்திருக்கிறது. பிள்ளை ஏன் செத்தது என்று ஒரு நாய் கேட்கவில்லை. பேசியது யார் என்றுதான் கேட்டார்கள்.

பூசாரி ஒருத்தனைப் பிடித்தார்கள். வண்டி கட்டி, அண்ணாமலைக்குப் பின்பக்கம் தனியாக நின்ற புளியமரத்துக்கு அவளைக் கொண்டுபோனார்கள். பேய் ஓட்டுகிற மரம் அது. பூசாரி உடுக்கையை அடித்து, நீ யார் என்று கேட்டான். பொன்னி என்றாள். வேப்பங்கொத்தால் அடித்தான். திரும்பக் கேட்டான். பொன்னி என்றாள். தன் பேரைச் சொல்லச் சொல்ல அடி விழுந்தது. உதடு கிழிந்த பிறகு, இவர்களுக்கு வேறு பேர்தானே வேண்டும் என்று, "இருசப்பன்" என்றாள்.

கூட்டம் திகைத்துவிட்டது. அந்தப் பேர்க்காரன் உயிரோடு, வெற்றிலை போட்டபடி பக்கத்தில் நிற்கிறான். ஆனால் பூசாரிக்குப் பிழைக்கத் தெரியும். உங்க தாத்தா பேர் என்ன என்று இருசப்பனைக் கேட்டான். தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற வீடு அது. தாத்தனும் இருசப்பன்தான். அப்புறம் என்ன, செத்த கிழவன் மருமகள் மேல் இறங்கிவிட்டான் என்று முடிவாயிற்று. மாமனாரே தன் மாட்டுவண்டியிலிருந்து சதுரத் தலை வைத்த ஆணி ஒன்றை எடுத்து வந்தான். ஒரு சாண் இருக்கும். பொன்னியை மரத்தடியில் உட்கார்த்தி, உச்சி முடியைக் கொத்தாகப் பிடித்து, மரத்தில் வைத்து, ஆணியை இறக்கி, முடியை அறுத்துவிட்டார்கள். பேய் மரத்தோடு போச்சாம்.

ஆதிமூலம் அப்போது வேலூரில் ஒரு மரப்பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். தகவல் தெரிந்து வந்து, அரைத் தலையும் வீங்கின வாயுமாக இருந்த அக்காவை வேங்கிக்காலுக்குத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். வேணு அடுத்த வருஷமே வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டான்.

பொன்னி சும்மா உட்கார்ந்து தின்னவில்லை. கலெக்டர் ஆபீஸ் பக்கம் கட்டடங்கள் எழும்பியபோது சித்தாளாகக் கல் சுமந்தாள். பிறகு ஒரு லாட்ஜில் அறை கூட்டினாள். நியாயம் இல்லாத இடத்தில் அவளுக்கு வாய் நிற்காது. கூட வேலை செய்த பெண்ணின் இடுப்பை மேஸ்திரி கிள்ளினான் என்று மண்வெட்டியைத் தூக்கினாள். அரிசி கம்மியாக அளந்த ரேஷன் கடைக்காரனை வரிசையில் வைத்தே கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்.

"ஆணி தளர்ந்துடுச்சு போல."

சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அதோடு அவள் பேசியது அத்தனையும் செல்லாது. கிள்ளினவனும் தப்பித்தான், அளந்தவனும் தப்பித்தான். வெளியாட்களை விடு. ஆதிமூலத்துக்கு மகன் மாறன் பிறந்தபோது, அவன் பெண்டாட்டி ராஜம்மாளே, "அண்ணி, பாருங்க, தூக்க மட்டும் வேணாங்க" என்றாள். பொன்னி நீட்டின கையை மடக்கிக்கொண்டு, உலையில் அரிசி போடப் போனாள். ஆதிமூலம் அன்றைக்குச் சோற்றுத் தட்டைக் கிணற்றடியில் விட்டெறிந்தான். எறிந்து என்ன, பிள்ளையை அக்கா கையில் கொடுக்க ராஜம்மாள் இறங்கி வரவில்லை.

பல வருஷம் போய், பொன்னிக்குக் கிட்னி கெட்டுப் படுக்கையில் விழுந்த சமயம். மலைக்குப் பின்பக்கம் அந்தப் புளியமரத்தோடு சேர்த்து நிலத்தை மெட்ராஸ்காரர் ஒருத்தர் வாங்கியிருந்தார். பேர் பிரசாத். வெள்ளைக்காரர்கள் தங்குகிற மாதிரி குடில்கள் கட்டினார். மரத்தைச் சுற்றிப் பலகை மேடை வேண்டும், அதில் உட்கார்ந்து மலையைப் பார்த்துத் தியானம் பண்ணுவார்கள் என்று ஆதிமூலத்தைக் கூப்பிட்டார். எந்த மரம் என்று தெரிந்துதான் அவன் வேலையை ஒத்துக்கொண்டான்.

லாரியில் பலகை வந்தது. மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து உருக்கி வார்த்தது, காம்போசிட் என்றார்கள். ஆதிமூலத்துக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. இழைத்தால் சுருள் வராது, முகர்ந்தால் வாசனை வராது. இரும்புச் சட்டத்தில் மேடை தனியாக நிற்க வேண்டும், அடிமரத்தைச் சுற்றி ஒரு முழம் இடம் விட வேண்டும், அதற்கு மேல் உட்காரப் பெஞ்சு என்று பிரசாத் சொன்னார். பிறகு மரத்தைத் தடவிக்கொண்டே, "இதுல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதுங்க. மரத்துக்கும் உயிர் இருக்குது, வலிக்கும்" என்றார்.

ஆதிமூலத்துக்குக் கோபம் உச்சிக்கு ஏறிற்று. மரத்துக்கு வலிக்குமாம். இதைச் சொல்ல அன்றைக்கு ஒருத்தன் வரவில்லையே.

வீட்டில் வந்து சொன்னபோது பொன்னி தலையைத் திருப்பி, "என் ஆணி இருக்குதா?" என்று கேட்டாள். நன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டேன், இல்லை என்றான்.

"மேல ஏன்டா தேடுன? மரம் நுனியிலதான் உசரும், அடி பருத்துனுதான் போவும். உக்காந்தவ தலை ஒசரத்துல, மலையைப் பார்த்த பக்கம் தேடு. இவனெல்லாம் ஆசாரி வேலைக்குப் போறான்" என்றாள்.

அவள் சொன்ன இடத்தில் இருந்தது. பட்டை விழுங்கி, சதுரத் தலை மட்டும் துரு பிடித்துத் தெரிந்தது. அதைப் பிடுங்கட்டுமா என்று பிரசாத்திடம் கேட்டான். அவர் பதறிவிட்டார். இருக்கட்டும், கெஸ்ட் எல்லாம் போட்டோ எடுப்பார்கள், சொல்வதற்கு ஒரு கதையாச்சு என்றார். கீழே கொஞ்சம், மேலே கொஞ்சம் என்று மற்ற ஆணிகளும் இருந்தன. அவற்றிலும் யாரோ பெண்களின் முடி இருந்திருக்கும்.

கோபத்திலேயே வேலை செய்தான். தேக்குப் பலகை இறுக்குவது போல் ஒன்றோடொன்று ஒட்டி முடுக்கிவிட்டான். வெயிலில் பலகை நீளும், இடைவெளி விடு என்று பிரசாத்தின் இன்ஜினீயர் படம் போட்டே காட்டியிருந்தான். பிளாஸ்டிக்குக்கு என்ன வெயில் என்று இவன் காதில் வாங்கவில்லை. பங்குனி வெயில் ஏறியதும் மேடை ஒட்டகம் மாதிரி முதுகைத் தூக்கிவிட்டது. பிரசாத் கத்தினார். தப்பு தன்மேல்தான் என்று ஒத்துக்கொண்டான். எல்லாப் பலகையையும் கழற்றி முதலிலிருந்து போட வேண்டும்.

கழற்றியதும் அடிமரம் வெட்டவெளியில் நின்றது. அவனுக்கு இது கடைசி வாய்ப்பு. பலகை ஏறி பெஞ்சும் வந்துவிட்டால் ஆணி அதன் சாய்மானச் சட்டங்களுக்குப் பின்னால் போய்விடும், எட்டிப் பார்க்கலாமே தவிர நெம்ப முடியாது, அப்புறம் பெஞ்சை உடைத்தால்தான் உண்டு. நல்ல உச்சிவெயிலில், எல்லோரும் பார்க்க, உளியை எடுத்துப் பட்டையைச் சுற்றிச் செதுக்க ஆரம்பித்தான். என்ன செய்கிறான் என்று புரிந்ததும் கூட இருந்த இரண்டு ஆட்களும் சட்டத்திலிருந்து குதித்து வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். பிரசாத் ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டுச் செய்றீங்க? அதுல ஒரு ஹிஸ்டரி இருக்குதுங்க."

"ஹிஸ்டரி இல்லீங்க. எங்க அக்கா. வேங்கிக்கால்ல படுத்துனு இருக்குது."

பிரசாத் இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஆதிமூலம் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். மரம் லேசில் விடவில்லை. கிறீச்சென்று கத்திக்கொண்டே ஆணி வெளியே வந்தது. முடி ஒன்றும் மிச்சமில்லை. எந்தப் பேயும் வரவில்லை. நாளைக்கு இடைவெளி விட்டுப் பலகை போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஆணியைத் துண்டில் சுற்றிக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

வீட்டு வாசலில் ராஜம்மாள் மறித்தாள். உள்ளே கொண்டு வரக் கூடாது, வெளியே வையுங்கள் என்றாள். அவளைத் தள்ளிக்கொண்டு போய் அக்காவின் கையில் வைத்தான். பொன்னி அதைப் புரட்டிப் பார்த்தாள். சதுரத் தலையைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"இவ்ளோதானா" என்றாள்.

ஏரியில் வீசிவிட்டு வருகிறேன் என்று கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. மாமனார்க் கிழவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்டாள். இருக்கிறான், கட்டில் போட்டு வாசலிலேயே படுத்திருக்கிறான் என்றான்.

"அப்ப நாளைக்குக் கீழ்பென்னாத்தூருக்குப் போ. அவன் முன்னாடி நில்லு. பேரைச் சொல்லிக் கூப்புடு. இதை அவன் கையில குடு. அன்னிக்குத் தெருவுல பேசினது உன் தாத்தன் இல்ல, பொன்னிதான்னு சொல்லு. ஆணி வெளிய வந்துடுச்சு, இன்னிக்கும் அவ அதையேதான் சொல்றாள்னு சொல்லு."

அவனுக்குக் காது கேட்காதாம் என்றான் ஆதிமூலம்.

ஆணியைத் தம்பி கையில் வைத்து, அவன் விரல்களை மடக்கிவிட்டாள்.

"அப்ப தெருவுக்கே கேக்குற மாதிரி கத்திச் சொல்லு."